மரபணுப் பிறழ்வுகளும் புரதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கும் ஒருவர் முதலில் பார்ப்பது மிஸ்சென்ஸ், நான்சென்ஸ், ஃபிரேம்ஷிஃப்ட் போன்ற சொற்களைத்தான். இவற்றில் எது கொடியது, எது சாதாரணமானது என்ற கேள்வி உடனே எழுகிறது. பிறழ்வின் பெயரையோ அளவையோ மட்டும் கொண்டு அதன் விளைவைக் கணிக்க முடியாது என்பதே அதற்கான நேர்மையான விடை. மாற்றம் புரதத்தின் எந்த இடத்தில் விழுகிறது, அந்தப் புரதம் உடலில் எந்த வேலையை எப்படிச் செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளைவு புரியும்.

மரபணுப் பிறழ்வு என்றால் என்ன?

நம் செல்களில் உள்ள டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் ஆகிய நான்கு காரங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட இழையாகும். இவற்றை ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிப்பது வழக்கம். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என இரண்டு தொகுதிகளை நாம் பெறுகிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இந்த வரிசையில் ஏற்பட்டு நிலைத்துவிடும் மாற்றமே பிறழ்வு. பள்ளிப் பாடநூல்களில் இதைத் திடீர்மாற்றம் என்று படித்திருப்பீர்கள்.

செல் பிரியும் முன் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே திருத்தப்படுகின்றன. திருத்தத்துக்குத் தப்பியவை பிறழ்வுகளாகின்றன. புற ஊதாக் கதிர் பட்டு அடுத்தடுத்த இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொள்வதும், மெத்தில் தொகுதி ஏறிய சைட்டோசின் தானாகவே தைமினாக மாறுவதும் மற்ற வழிகள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய பிறழ்வுகள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவையும் காட்டுவதில்லை. ஆகவே பிறழ்வு இருக்கிறது என்பதற்கு நோய் இருக்கிறது என்று பொருளில்லை.

டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தில் என்ன மாறுகிறது?

மரபணுவிலிருந்து முதலில் தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. செல்லில் புரதத்தைக் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இந்த மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 கோடான்கள் அமையும். 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, எஞ்சிய மூன்றும் ‘இங்கே நிறுத்து’ என்ற கட்டளைகள். கோடான்களுக்கு நடுவே இடைவெளியோ நிறுத்தற்குறியோ கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு அதுவே காரணம்.

தமிழிலேயே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘உழுத நிலம் பயன் தரும்.’ நான்கு சொற்களும் மூன்றெழுத்துச் சொற்கள். மூன்றாம் சொல்லில் னகர மெய் மகர மெய்யானால் ‘உழுத நிலம் பயம் தரும்’ என்றாகும். ஓர் எழுத்துதான் மாறியது, வாக்கியம் முழுமையாகவே இருக்கிறது, பொருளோ வேறாகிவிட்டது. மிஸ்சென்ஸ் பிறழ்வு இப்படிப்பட்டது: ஒரு கோடான் மாறி, ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வந்து அமர்கிறது. ‘உழுத நிலம்’ என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டால் அது நான்சென்ஸ் பிறழ்வு. முதற்சொல்லின் ‘ழு’ மட்டும் விழுந்துவிட, படிப்பவரோ மூன்று மூன்றாகவே படித்துக்கொண்டு போனால், ‘உதநி லம்ப யன்த ரும்’ என்ற பொருளற்ற ஒலிகள்தான் எஞ்சும். இது ஃபிரேம்ஷிஃப்ட், அதாவது சட்டக நகர்வு. ‘நிலம்’ என்ற சொல் முழுதாகவே போய்விட்டால் ‘உழுத பயன் தரும்’ என்றாகும். இழந்தது அதிகம், எனினும் எஞ்சியதைப் படிக்க முடிகிறது.

அமைதிப் பிறழ்வு உண்மையில் அமைதியானதுதானா?

ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருப்பதால், ஓர் எழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறாமல் இருப்பதுண்டு. இதை அமைதிப் பிறழ்வு என்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் பெயருக்கேற்ப அது அமைதியாகவே இருக்கிறது. ஆயினும் இந்தப் பெயர் பலரைத் தவறாக வழிநடத்தியிருக்கிறது என்றே கருதுகிறேன்.

புரோஜீரியா என்ற முதுமை நோய் குழந்தைகளை மிக இளம் வயதிலேயே முதியவர்களைப் போலாக்கிவிடுகிறது. 2003 ஆம் ஆண்டில் அதன் காரணம் கண்டறியப்பட்டபோது, பெரும்பாலான நோயாளிகளிடம் லாமின் ஏ மரபணுவில் ஒரே ஓரெழுத்து மாற்றம் காணப்பட்டது: ஜி-ஜி-சி என்ற கோடான் ஜி-ஜி-டி ஆகியிருந்தது. இரண்டுமே கிளைசினைத்தான் குறிக்கின்றன. கோடான் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவார். ஆனால் அந்தப் புதிய எழுத்து, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் செல் இயந்திரத்துக்கு ‘இங்கே வெட்டு’ என்ற குறியாகத் தோன்றிவிடுகிறது. அதனால் 150 எழுத்துகள், அதாவது 50 அமினோ அமிலங்கள், புரதத்திலிருந்து விடுபட்டுப்போகின்றன. புரதம் முதிர்ச்சியடையும்போது அதன் வால் பகுதியை நீக்க ஒரு நொதி வெட்ட வேண்டிய இடமும் அந்த 50-க்குள்தான் இருக்கிறது. வெட்டப்படாத புரதம் செல் உட்கருவின் சவ்வில் ஒட்டிக்கொண்டு அதன் வடிவத்தையே குலைக்கிறது.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் பெரிய கேடு விளைவது எப்படி?

அரிவாள் செல் சோகையைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு இதற்கு இல்லை. ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது குளுட்டாமிக் அமிலம். அதன் கோடான் ஜி-ஏ-ஜி. நடு எழுத்து மாறி ஜி-டி-ஜி ஆகும்போது அங்கே வேலின் வந்து அமர்கிறது. லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949 ஆம் ஆண்டில் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டினர். வேறுபாடு இந்த ஒரே அமினோ அமிலத்தில்தான் என்பதை வெர்னன் இங்கிராம் 1957 ஆம் ஆண்டில் நிறுவினார்.

குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் உடையது, நீரை விரும்புவது. வேலின் நீரை வெறுப்பது. ஆறாவது இடம் புரதத்தின் உட்புறத்தில் இல்லை, நீர் சூழ்ந்த வெளிப்பரப்பில் இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டு வடிவம் மாறும்போது, பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் நீரை வெறுக்கும் சிறு குழி ஒன்று திறந்துகொள்கிறது. வேலின் அந்தக் குழிக்குள் பொருந்திக்கொள்ள, மூலக்கூறோடு மூலக்கூறு கோத்து நீண்ட விறைத்த இழைகள் உருவாகின்றன. அந்த இழைகளே சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. இந்த ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புதிய குணம் அதற்கு வந்துவிடுகிறது என்பதுதான் கேடு.

அதே கோடானின் முதல் எழுத்து மாறி ஏ-ஏ-ஜி ஆனால், அதே ஆறாவது இடத்தில் லைசின் வருகிறது. லைசினும் மின்னேற்றம் உடையதுதான், ஆனால் எதிர்வகை மின்னேற்றம். அது குழிக்குள் பொருந்துவதில்லை, இழைகள் உருவாவதில்லை. இதை ஹீமோகுளோபின் சி என்கிறார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் இதைப் பெற்றவருக்குப் பொதுவாக மிதமான சோகையோடு நின்றுவிடுகிறது. ஒரே மரபணு, ஒரே கோடான், அடுத்தடுத்த எழுத்துகள். விளைவுகளுக்கு இடையே உள்ள தூரமோ மிகப் பெரியது.

அறிக்கைகளில் இந்த அரிவாள் செல் மாற்றத்தை ஏழாவது இடம் என்று குறித்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். இன்றைய முறை, பின்னர் நீக்கப்பட்டுவிடும் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறது.

நான்சென்ஸ் பிறழ்வில் பாதிப் புரதம் உருவாகுமா?

பெரும்பாலும் அதுவும் உருவாவதில்லை. நிறுத்தக் கோடான் வர வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டால், செல் அந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் பழுதானது என்று கண்டுகொண்டு சிதைத்துவிடுகிறது. அரைகுறைப் புரதங்கள் குவிந்து கேடு செய்யாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது. மத்தியதரைக் கடல் பகுதியில் பரவலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகைக்கான பிறழ்வு ஒன்றில், பீட்டா குளோபினின் 39 ஆவது கோடான் சி-ஏ-ஜி என்பதிலிருந்து டி-ஏ-ஜி என்ற நிறுத்தக் கோடானாகிறது. அந்தப் பிரதியிலிருந்து பீட்டா குளோபின் கிடைப்பதே இல்லை. நிறுத்தக் கோடான் மரபணுவின் கடைசி எக்சானில் (ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டிய பின் எஞ்சும் துண்டுகளில் ஒன்று) விழுந்தால் இந்தக் காவலுக்கு அது பொதுவாகத் தப்பிவிடும். அப்போது வால் அறுந்த புரதம் உருவாகிறது, சில நேரங்களில் அது கூடுதல் தொல்லை தருகிறது.

நான்சென்ஸ் என்றாலே பேரிடர் என்று அஞ்சவும் வேண்டாம். பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அகற்றும் ஏற்பிகளை அழிப்பது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் இந்த மரபணுவின் ஒரு பிரதியில் நான்சென்ஸ் பிறழ்வு உள்ளவர்களை ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்களுடைய எல்.டி.எல். கொழுப்பு சராசரியாக 28 சதவீதமும் இதய நாள நோய் வாய்ப்பு 88 சதவீதமும் குறைவாக இருந்தன. இழப்பே இங்கே காப்பாக இருக்கிறது.

எழுத்துகள் விடுபட்டால் அல்லது கூடினால் என்ன ஆகும்?

விடுபட்ட எண்ணிக்கை மூன்றின் மடங்கா இல்லையா என்பதே முதலில் கேட்க வேண்டியது. மூன்றின் மடங்காக இல்லையெனில் அந்த இடத்துக்குப் பிறகு வரும் கோடான்கள் அனைத்தும் மாறிப்போகின்றன. சற்றுத் தொலைவிலேயே ஏதாவதொரு நிறுத்தக் கோடான் தற்செயலாக எதிர்ப்படும். நோய்க்குத் தொடர்பில்லாத ஓர் எடுத்துக்காட்டு ஓ இரத்த வகை. ஏ வகையும் பி வகையும் உருவாகக் காரணமான நொதிகள் நான்கே அமினோ அமிலங்களில் வேறுபடுகின்றன. ஓ வகையில் மிகப் பரவலாக உள்ள வடிவத்தில் ஒரே ஒரு ஜி விடுபட்டுச் சட்டகம் நகர்ந்துவிட்டதால், வேலை செய்யும் நொதியே இல்லை. கோடிக்கணக்கானோர் இந்த ஃபிரேம்ஷிஃப்டுடன் நலமாக வாழ்கிறார்கள்.

டூஷேன் தசைநார்ச் சிதைவு நோயில் இந்த விதி துல்லியமாகத் தெரிகிறது. தசைச் செல்களுக்கு வலுவூட்டும் புரதத்துக்கான டிஸ்ட்ரோஃபின் மரபணு சுமார் 22 லட்சம் எழுத்துகள் நீளமானது, 79 எக்சான்களைக் கொண்டது. சட்டகத்தை நகர்த்தும் இழப்பு, சிறியதாக இருந்தாலும், பொதுவாகக் கடுமையான டூஷேன் நோயைத் தருகிறது. சட்டகத்தை நகர்த்தாத இழப்பு, பெரியதாக இருந்தாலும், பொதுவாக மென்மையான பெக்கர் வகையைத் தருகிறது. புரதக் குறியீட்டில் 46 சதவீதம் நீங்கியிருந்தும் 61 வயதில் தாமே நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிய ஆய்வு 1990 ஆம் ஆண்டில் வெளியானது. டிஸ்ட்ரோஃபின் நடுப்பகுதி ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட கயிறு போன்றது. இரு முனைகளும் உரிய இடங்களைப் பற்றிக்கொண்டிருக்கும்வரை, நடுவே கயிறு குட்டையானாலும் ஓரளவு தாங்குகிறது.

மூன்றெழுத்து இழப்பு எப்போதும் மென்மையானது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் கெட்டியான சளி தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மிகப் பரவலான பிறழ்வு 1989 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. செல் சவ்வில் குளோரைடு செல்லும் வாயிலாக அமையும் புரதத்துக்கான சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் அந்த இடத்தின் வரிசை ஏ-டி-சி, டி-டி-டி. அதாவது ஐசோலூசின், ஃபீனைல்அலனின். இதில் சி-டி-டி என்ற மூன்று எழுத்துகள் விடுபடுகின்றன. கவனியுங்கள்: அவை ஒரே கோடானைச் சேர்ந்தவை அல்ல, முதல் கோடானின் கடைசி எழுத்தும் அடுத்ததன் முதலிரண்டும். எஞ்சும் மூன்றும் சேர்ந்து ஏ-டி-டி ஆகின்றன, அதுவும் ஐசோலூசினே. ஆகவே 1480 அமினோ அமிலங்களில் 508 ஆவதான ஃபீனைல்அலனின் ஒன்று மட்டுமே இழப்பு. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடிவதில்லை. செல்லின் தரக் கட்டுப்பாடு அதைச் செல் சவ்வுக்கு அனுப்பாமல் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது.

புரதமே இல்லாமல் போவதைவிடப் பழுதான புரதம் மோசமாக இருக்க முடியுமா?

முடியும். எலும்புக்கு வலுவூட்டும் முதல் வகைக் கொலாஜன், இரண்டு ஆல்ஃபா-1 சங்கிலிகளும் ஓர் ஆல்ஃபா-2 சங்கிலியும் முறுக்கிய மூவிழைக் கயிறு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. ஆல்ஃபா-1 மரபணுவின் ஒரு பிரதியில் நான்சென்ஸ் பிறழ்வு இருந்தால், நல்ல கொலாஜன் பாதியளவு உருவாகும். எலும்பு எளிதில் முறியும், எனினும் பொதுவாக நோய் மென்மையானது. ஒரு கிளைசின் வேறு அமினோ அமிலமாக மாறினால் கணக்கே வேறு: இரண்டு ஆல்ஃபா-1 இழைகளும் நல்லவையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். முக்கால் பங்கு கயிறுகளில் பழுதான இழை ஒன்றாவது புகுந்துவிடுகிறது. கூட்டாக இயங்கும் புரதங்களில் பழுதான உறுப்பு நல்ல உறுப்புகளையும் கெடுக்கும் இத்தகைய விளைவை, அறிக்கைகள் நான்சென்ஸுக்கு முதலிடம் தரும் பழக்கத்தில், பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

பிறழ்வால் புரதத்தின் செயல் கூடுவதும் உண்டா?

உண்டு. எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளமாக உள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற ஏற்பியின் 380 ஆவது இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறினால், கடிவாளம் எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. குள்ளத்தன்மைக்கு மிகப் பொதுவான காரணமான அகான்ட்ரோபிளேசியா உண்டாகிறது. புற்றுநோய்களில் அடிக்கடி காணப்படும் கே-ராஸ் புரதத்தின் 12 ஆவது கிளைசின் மாறும்போது, வளர்ச்சிக்கான சைகையை அணைக்கும் திறன் குன்றிவிடுகிறது. குரோமோசோம் 9, 22 ஆகியவை துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு இரு மரபணுக்கள் ஒட்டிப்போகும்போது, இயற்கையில் இல்லாத பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புரதமே உருவாகி, நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது.

ஒரே துண்டு திரும்பத் திரும்ப நீளும் பிறழ்வு எத்தகையது?

மூளை நரம்புச் செல்கள் படிப்படியாக அழியும் ஹண்டிங்டன் நோயில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து மீள்வரிசை நீண்டுபோகிறது. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் வரும் என்றே கொள்ள வேண்டும். ஒவ்வொரு சி-ஏ-ஜி-யும் ஒரு குளுட்டமினைச் சேர்ப்பதால் புரதத்தில் நீண்ட குளுட்டமின் தொடர் அமைந்து, அது திரண்டு நரம்புச் செல்களைப் பாதிக்கிறது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் நோயில் நீளும் சி-ஜி-ஜி வரிசையோ புரதத்தைக் குறிக்கும் பகுதிக்கு வெளியே இருக்கிறது. 200 முறையைத் தாண்டும்போது மரபணுவே பூட்டப்பட்டுவிடுகிறது, புரதம் உருவாவதில்லை.

புரதத்தைக் குறிக்காத பகுதியில் பிறழ்வு வந்தால்?

எழுத்து வரிசை மாறாத புரதம், தவறான அளவில் அல்லது தவறான காலத்தில் உருவாகக்கூடும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. சிலருக்கு வயது வந்த பிறகும் நீடிப்பதற்கு ஒரு காரணம், அந்த மரபணுவுக்கு ஏறத்தாழ 14,000 எழுத்துகள் முன்னால், பக்கத்து மரபணுவின் இன்ட்ரானுக்குள் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) நேர்ந்த ஓரெழுத்து மாற்றம்.

ஒரே பிறழ்வு ஒருவருக்கு நோயாகவும் மற்றவருக்கு ஒன்றுமில்லாமலும் இருப்பது ஏன்?

பெரும்பாலான நொதிகள் பாதியளவு இருந்தாலே வேலை நடந்துவிடும். அதனால் ஒரு பிரதி மட்டும் பழுதானவர் நலமாக இருக்கிறார். இரண்டும் பழுதானவர் நோயுறுகிறார். பாதி போதாத புரதங்களிலும், முன்பு சொன்ன கொலாஜன் போன்ற கூட்டுப் புரதங்களிலும் ஒரு பிரதியின் பழுதே போதுமானது. பிறழ்வு கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருந்தால் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். தோலிலோ நுரையீரலிலோ வாழ்நாளில் ஏற்பட்டது அந்தத் திசுவோடு நின்றுவிடும்.

‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்று அறிக்கையில் இருந்தால் என்ன செய்வது?

மாற்றங்களை நோய்க்காரணி, நோய்க்காரணியாக இருக்கலாம், உறுதிப்படாதது, தீங்கற்றதாக இருக்கலாம், தீங்கற்றது என ஐந்து படிகளில் வைக்கிறார்கள். நடுப்படியில் உள்ளவை பெரும்பாலும் மிஸ்சென்ஸ் மாற்றங்களே. காரணத்தை மேலே பார்த்தோம். இந்தப் படியில் உள்ள ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை, கருக்கலைப்பு போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்குப் போகக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். குடும்பத்தில் நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று சோதித்தால் பல நேரங்களில் தெளிவு பிறக்கும். சில ஆண்டுகள் கழித்து அறிக்கையை மறு ஆய்வு செய்யக் கேட்பதும் பயனுள்ளது.

பிறழ்வின் வகை தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

சில நோய்களில் நேரடியாகவே மாறுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் 551 ஆவது இடத்தின் கிளைசின் மாறியவர்களிடம் புரதம் சவ்வுக்கு வந்துசேர்கிறது, ஆனால் அதன் வாயில் சரியாகத் திறப்பதில்லை. அதைத் திறக்க உதவும் ஐவகாஃப்டர் 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 508 ஆவதை இழந்தவர்களுக்கு வாயில் திறக்கும் மருந்து மட்டும் போதாது, மடிப்பைச் சீராக்கும் மருந்துகளும் வேண்டும். அத்தகைய மும்மருந்துக் கூட்டு 2019 இல் வந்தது. டூஷேன் நோயில் 50 ஆவது எக்சானை இழந்தவருக்கு 51 ஆவதையும் தாண்டச் செய்தால் சட்டகம் மீண்டும் ஒழுங்காகிறது; டூஷேனைப் பெக்கர் போல மாற்றும் இந்த முயற்சியின் முதல் மருந்து 2016 இல் ஒப்புதல் பெற்றபோதிலும், அதனால் உருவாகும் புரதத்தின் அளவு மிகக் குறைவே.

பிறழ்வைத் தொடாமலேயே சிகிச்சை செய்யும் வழியும் இருக்கிறது. 2023 இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியைப் பயன்படுத்தும் சிகிச்சை, அரிவாள் செல் நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, கருப்பையில் இருக்கும்போது உருவாகும் கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் இயக்கத்தை அந்த அணுக்களில் குறைத்து, மீண்டும் உடலில் செலுத்துகிறது. பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-டி-ஜி அப்படியேதான் இருக்கிறது. கரு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் சிவப்பணுவை வளைக்கும் இழைகள் கோத்துக்கொள்வது தடைபடுகிறது.